மண்ணு சாரின் சிவப்பு

மண்ணு சாருக்குச் சிவப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் மண் ஏன் சிவக்கிறது என்று கேட்டால், அவரைப் போல விளக்கிச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இத்தனை காலம் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருந்தன என்பதுதான் அவர் கதை.

மண் ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி, மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கட்டியைப் பெயர்த்து, உடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நிறப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். நிறப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து, எந்தச் சதுரத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். கண் நன்றாக இருக்கிற யாரும் செய்யக்கூடிய வேலை. அவருக்கு அதுதான் முடியாது.

புதிதாக வேலைக்கு வந்தவர்களைக் குழியோரம் நிறுத்தி அவர் பேச ஆரம்பித்தால், ஜீப் டிரைவர்கூட வண்டியை விட்டு இறங்கி வந்துவிடுவார்.

"பாறை மக்கி மண்ணாகறப்போ மழை ஒவ்வொண்ணா கழுவிக்கிட்டுப் போயிடும். உப்பு போயிடும், சுண்ணாம்பு போயிடும், பாறையில பாதி கரைஞ்சே போயிடும். இரும்பு மட்டும் நகராது. பொண்ணு வீட்டுக்கு வந்த மாமனார் மாதிரி, கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கும்."

"உக்காந்துக்கிட்டு என்ன சார் பண்ணும்?" என்பார் டிரைவர், பதில் தெரிந்துகொண்டே.

"துருப்பிடிக்கும். உங்க ஜீப் கதவு மாதிரி."

பிறகு இரண்டு துருக்களின் கதை வரும். நல்ல வெயிலும் தண்ணீர் வடியும் வசதியும் உள்ள இடத்தில் ஹெமடைட் என்ற துரு, அது சிவப்பு. ஈரம் விட்டுப் போகாத இடத்தில் கோதைட். தண்ணீரில் கொஞ்சத்தைத் தன் உடம்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அது மஞ்சள். இரண்டும் கலந்தால் சிவப்புதான் ஜெயிக்கும்; ஒரு கூடை மஞ்சளை மறைக்க ஒரு பிடி ஹெமடைட் போதும். தண்ணீர் தேங்கிக் காற்றே புகாமல் போனால் இரும்பு கரைந்து ஓடிவிடும். அப்போது மண், சாயம் போன துணியாகத் தன் சொந்தச் சாம்பலோடு நிற்கும். சில இடங்களில் அந்தச் சாம்பலில் பச்சை ஓடும். வெடிப்பு வழியாகவோ வேர் போன வழியாகவோ காற்றுப் புகுந்த இடத்தில் மட்டும் துரு திரும்பி வந்து திட்டுத் திட்டாக உட்காரும். சாம்பலும் திட்டும் சேர்ந்து தெரிந்தால், அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அந்த நிறங்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் முழுசாகக் கண்டதும் இல்லை. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் பச்சை ஓடிய சாம்பலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். யார் மூத்தவன், யார் இளையவன் என்று மட்டும் வெளிச்சத்தை வைத்துச் சொல்வார். பளிச்சென்ற மஞ்சள் மட்டும் கொஞ்சம் பிடிபடும். மற்றதெல்லாம் மேடு, சரிவு, பள்ளம் என்று இடத்தைப் பார்த்துப் போடும் கணக்கு. மேட்டில் சிவப்பு, சரிவில் மஞ்சள், அடிவாரத்தில் சாம்பல். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கணக்கு உதைக்கும் இடங்களுக்கு அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. புதியவர் ஒருவர் கையில் மண்ணைக் கொடுத்து, கண்ணைச் சற்றுச் சுருக்கி, "நீ சொல்லு பார்ப்போம்" என்பார். அவர்கள் திணறிச் சொல்வார்கள். இவர் தலையாட்டுவார். எழுதிக்கொள்வார். "சார் தானா எதையும் சொல்ல மாட்டார், நம்மளையே கண்டுபிடிக்க வெப்பார்" என்று அவருக்கு நல்ல ஆசிரியர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காது சுடும். அடக்கம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு முறை தந்திரம் கோணிக்கொண்டது. புதிதாக வந்த பெண் அலுவலர் ஒருத்தி, மேட்டு நிலத்துக் குழியில் நின்று "மஞ்சள் சார்" என்றாள். மேடாயிற்றே, சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இவர் கணக்கு சொன்னது. "நல்லாப் பாரு." பார்த்தாள். "மஞ்சள்தான் சார்." "வெயில்ல பிடிச்சுப் பாரு." அவள் மறுபடியும் மறுபடியும் பார்த்து, கடைசியில் குரல் இறங்கி, "சிவப்பு மாதிரிதான் இருக்கு சார்" என்றாள். ஆய்வகத்தில் அந்த மண்ணில் இருந்தது கோதைட்தான் என்று பிறகு தெரிந்தது. இவர் அவளிடம் சொல்லவில்லை. நல்ல கண் உள்ள ஒருத்தி, அன்றிலிருந்து தன் கண்ணை நம்பாமல், நிறம் சொல்வதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்கப் பழகினாள்.

நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பிறர் சொல்லித் தெரிந்ததுதான். சொந்த இதயத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆகையால் அவர் செய்தது முழுப் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அவரும் தமக்கு அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் பிறர் சொல்லித் தெரிந்தவன், பிறர் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டும். அவர் "பார்த்தேன்" என்றார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஒரு மனிதன் மறைந்து வாழ அவ்வளவு இடம் போதும்.

மறைக்கப் பழகியது சின்ன வயதில். பள்ளியில் மரம் வரைந்து இலைக்கெல்லாம் பழுப்புத் தீட்டியபோது வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு வண்ணக் குச்சிகளின் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தில் பெயரைப் படித்துத் தீட்டினார். தங்கை ஒரு நாள் விளையாட்டாக எல்லாக் காகிதத்தையும் உரித்துப் போட்டாள். அன்று அவர் அழுத அழுகைக்குக் காரணம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அவரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனை நடந்தது. எழுத்துகளைத்தான் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்தார்.

மனைவி தையற்கடையில் வேலை பார்ப்பவள். துணிக்கு நூல் பொருத்துவதே அவள் பிழைப்பு. கல்யாணமான புதிதில் அவர் ஆசையாகத் திரைத்துணி வாங்கி வந்து, "நம்ம மேசைக்கு ஏத்த மாதிரி பழுப்பு" என்று விரித்துக் காட்டினார். பாசிப் பச்சை. அவள் துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மடித்து எடுத்துக்கொண்டு போய்த் தைத்து மாட்டிவிட்டாள். மறுநாள் காலை குளித்து வந்தபோது கட்டிலின் மேல் அவருடைய சட்டையும் பேன்ட்டும் பொருத்தமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அன்றிலிருந்து தினமும் இருந்தன. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சில வீடுகளில் அன்பு இப்படித்தான், பேசாமல் கட்டிலின் மேல் கிடக்கும்.

அவள் தம்பி லாரி ஓட்டியவன். இடுப்பு வலி தாங்காமல் லாரியை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே மேட்டு நிலம் ஒன்றைப் பார்த்து வைத்தான். ஆரஞ்சுத் தோட்டம் போட வேண்டும் என்பது அவன் கனவு. வாய்த் துடுக்கு அதிகம். அந்தப் பச்சைத் திரையைப் பார்த்து, "மாமா, வீட்டுக்குள்ளயே குளம் வெட்டிட்டீங்களா?" என்று கேட்டவன் அவன்தான். ஆனால் நிலம் என்று வந்தபோது வேறு யாரையும் கேட்கவில்லை. "மாமா ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். எனக்கு வேற ரிப்போர்ட்டே வேணாம்" என்றான்.

மண்ணு சார் துளைக்கருவியோடு போனார். மேல்மண் சிவப்பு என்று ஊரே சொன்னது, அதில் பிரச்சினை இல்லை. இடுப்பளவு ஆழத்திலிருந்து வந்த மண்ணைக் கையில் எடுத்தார். வழவழப்பான களி. அங்கங்கே கறுத்த திட்டுகள் தெரிந்தன. ஈரமாக இருக்கும் என்று நினைத்தார். ஓட்டைக்குப் பின்னால் பிடித்தார். சிவப்புச் சதுரங்களின் வரிசையிலேயே ஒன்றோடு பொருந்துவது போலிருந்தது. தூரத்தில் மச்சான் எல்லை அளக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டு, "நீ சொல்லு பார்ப்போம்" என்றிருக்கலாம். ஆனால் இவன் புதிதாக வேலைக்கு வந்தவன் இல்லை. உற்றுப் பார்ப்பான். 'ஏன் மாமா, உங்களுக்குத் தெரியலையா?' என்று ஒரு கேள்வி கேட்பான். கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

"மேலேயும் கீழேயும் நல்ல சிவப்பு மாப்ள. தண்ணி நிக்கவே நிக்காது" என்றார்.

மச்சான் நிலத்தை வாங்கி, கன்று நட்டான். குழிகள் முழங்கால் ஆழம்தான், வந்ததெல்லாம் சிவப்பு. கன்றுகள் துளிர்த்தன. அடைமழை வந்தது. மழை விட்டபின் இலைகள் வெளுத்துச் சுருண்டன, கன்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணு சாரும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். மச்சான் செத்த கன்று ஒன்றின் அடியில் ஆழமாகத் தோண்டி வைத்திருந்தான். குழியின் அடியில் தண்ணீர் நின்றது. அழுகிய முட்டை வாடை வந்தது. கண்ணில்லாதவனுக்குக்கூட அந்த வாடை சொல்லிவிடும்: கீழே தண்ணீர் இறங்காத கெட்டி அடுக்கு, மேலே மூச்சு முட்டிய வேர். மண்ணு சாருக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அன்று கையில் பிடித்த களி சிவப்பில்லை. அவர் கண்ணுக்குக் கறுத்துத் தெரிந்த திட்டு ஈரமில்லை, துரு.

"என்ன மாமா இது?" என்றான் மச்சான். குரலில் துடுக்கு இல்லை. "எதனால?"

"மண்ணுல ஒண்ணும் இல்ல மாப்ள" என்று வாய் சொன்னது. நினைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது. "கன்னுலயே கோளாறு. நர்சரியிலயே வேர் அழுகி வந்திருக்கும்."

மனைவி குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூல் பொருத்தும் கண். நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அவர் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் எப்போதும் போலக் கேட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, திரைத்துணி நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தான் இத்தனை காலம் மறைத்ததாக நினைத்ததை அவள்தான் மறைத்து வைத்திருக்கிறாள். இப்போது கையை எடுத்துவிட்டாள். அவருக்கு உடம்பு முழுவதும் கூசியது, குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டது போல.

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் தீரும்வரை தாக்குப்பிடித்தார்.

அதற்குள் மச்சானிடமிருந்து போன் வந்தது. நர்சரிக்காரர் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். "கடை நிறைய ஆள் இருக்கறப்பவே கேட்டுட்டேன் மாமா. அழுகின சரக்க என் தலையில கட்டினியான்னு. அவன் சத்தியம் பண்றான். கண்ணுல தண்ணி வேற. நடிப்பு!" என்றான். "இனிமே அவன் முகத்துலயே முழிக்க மாட்டேன். வெளியூர்ல கன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் இறங்குது. அதே குழியில நட்டுடலாம்ல?"

"ம்" என்றார் மண்ணு சார்.

'ம்' என்பது ஒரு சொல்லா என்று கேட்கலாம். அன்று அது சொல்தான். போனை வைத்தபிறகு அந்த ஓரெழுத்து வாயில் மண் போலக் கிடந்தது. சும்மா இருந்தால் இரண்டாவது தோட்டமும் சாகும். சாகும்போது அழுகின சரக்கு விற்றவன் என்ற பெயர் இன்னொருவருக்குப் போகும். பேசினால், நல்ல ஆசிரியர், மண்ணு சார், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற மாமா எல்லாரும் ஒரே நாளில் சாவார்கள்.

ஞாயிறு காலை அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி வாசலில் செருப்பு மாட்டும்போது அவரை மேலும் கீழும் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தோட்டத்துக் கேட்டிலேயே மச்சான் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். "என்ன மாமா, டிராபிக் சிக்னல் மாதிரி வந்திருக்கீங்க! நிக்கறதா, போறதா?"

அவனோடு வேலை பார்த்த ஆட்களும் சிரித்தார்கள். பள்ளிக்கூடச் சிரிப்பு அப்படியே திரும்பி வந்திருந்தது, ஒரு சுருதிகூடக் குறையாமல். மண்ணு சார் எப்போதும் செய்வதுபோல முதலில் தாமும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"எது பச்ச, எது சிவப்பு?" என்று கேட்டார்.

"சட்ட பச்ச, பேன்ட் சிவப்பு. ஏன், கண்ணாடி பாக்கலையா?"

"பாத்தேன் மாப்ள. ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எப்பவும் அப்படித்தான்."

மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினான்.

மண்ணு சார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஆழமான குழிக்குள் இறங்கினார். தண்ணீர் வற்றியிருந்தது. பக்கச் சுவரில் ஒரு கட்டியைப் பெயர்த்து, இரண்டாக உடைத்து, மேலே நீட்டினார். ஆயிரம் தரம் சொன்ன அதே வார்த்தை. முதல்முறையாகக் கேள்வியாக வந்தது.

"நீ சொல்லு மாப்ள. எனக்குத் தெரியாது."

மச்சான் வாங்கிப் பார்த்தான். "சாம்பலா இருக்கு. லேசா பச்ச அடிக்குது. நடுவுல திட்டுத் திட்டா சிவப்பு."

"அப்போ இங்க தண்ணி நிக்குது" என்றார் மண்ணு சார், குழிக்குள் நின்றபடியே. "இரும்பெல்லாம் கரைஞ்சு போயிடுச்சு. காத்துப் போன எடத்துல மட்டும் துரு. மேடுன்னு நெனச்சு ஏமாந்தேன், கீழ கெட்டி அடுக்கு இருக்கு. கன்னுல ஒண்ணும் இல்ல. போன வாரம் இங்க நின்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நர்சரின்னு சொன்னேன்."

ஓர் ஆள் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். மண்ணு சாருக்குத் தம் தலை தரைமட்டத்தில் இருப்பதும், எல்லோருடைய கால்களும் கண்ணுக்கு நேரே இருப்பதும் தெரிந்தது.

மச்சான் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவன் கட்டியைக் கையில் உருட்டியபடி, "நான் அங்கதானே நின்னேன், கயிறு பிடிச்சுக்கிட்டு" என்றான். "ஒரு குரல் குடுத்திருக்கலாமே மாமா. என் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

மச்சான் வெளியூருக்குப் போன் போட்டுக் கன்று வேண்டாம் என்று சொன்னான். அக்காவைக்கூட அவன் பார்க்கவில்லை.

நர்சரிக்குள் மண்ணு சார் தனியாகவே போனார். மச்சான் வண்டியில் கொண்டுவந்து விட்டான், இறங்கவில்லை. நர்சரிக்காரர் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். கை கழுவினார். "என் கடையில ஆளுங்க நிறைய இருந்தப்போ நடந்தது சார்" என்றார். "இப்போ யாருமே இல்ல."

உண்மைதான். சுற்றிலும் செடிகள்தான் நின்றன.

"ஆளுங்க வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றார் மண்ணு சார்.

நர்சரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. மண்ணு சார் அந்தச் சட்டையோடும் பேன்ட்டோடும் கடை வாசலில் நின்றார். ஒரு குடும்பம் பூச்செடி வாங்க வந்தது, அவர்களிடம் சொன்னார். அவர்கள் குழப்பத்தோடு தலையாட்டிவிட்டுப் பூச்செடி பக்கம் போனார்கள். மச்சான் கத்தியபோது இருந்த பெரியவர் ஒருவர் பிறகு வந்தார், அவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லக் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் முறையாகவே இருந்தது. பெரியவர் போன பிறகு நர்சரிக்காரர், "போதும், போங்க" என்றார். மன்னித்தாரா என்பது அவர் குரலில் தெரியவில்லை. வண்டிக்குத் திரும்பும்போது அந்தப் பெண் அலுவலரின் நினைவு வந்தது. அவளிடமும் போக வேண்டும். அது இதைவிடக் கடினம். அவள் இன்னும் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை கட்டில் காலியாகத்தான் இருந்தது. அவர் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். அங்கே நின்று தொண்டையைக் கனைத்தார். மனைவி திரும்பினாள்.

"இது என்ன நெறம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி. முகம் சுட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துணியின் ஓரத்தை விரலில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "சாம்பல். கொஞ்சம் பச்ச ஓடுது."

"அந்தக் குழியில இருந்ததா?"

"கிட்டத்தட்ட."

அவர் சட்டையை வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு பார்த்தாலும் அது அவருக்கு வேறாகத் தெரியவில்லை.

"இதத்தான் சிவப்புன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்" என்றாள் அவள்.